வாவிச் சுற்றும் ஒரு போத்தலும்

கண்டி வாவியை ஒருமுறை சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதை விறுவிறுவென்று நடந்து முடித்தால், சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் சக்தியைக் கழித்த பிறகு, நடைக்கென்று எரிந்தது ஏறத்தாழ 120 கிலோகலோரி. விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பானங்கள் பலவற்றில் 100 மில்லிலீற்றருக்கு 6 கிராம் அளவில் சீனி இருக்கிறது. அரை லீற்றர் போத்தலுக்கு 30 கிராம், அதுவும் 120 கிலோகலோரி. மெலிவதற்காக நடப்பவர் என்ன குடிக்க வேண்டும் என்ற பேச்சு இந்தக் கணக்கில் தொடங்க வேண்டும். ஆனால் வாவிக்கரையில் அது வேறிடத்தில்தான் தொடங்குகிறது: தண்ணீர் கொழுப்பைக் கரைக்குமாம்.

அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆய்வின் துணை உண்டு. 2003இல் பெர்லினில் போஷ்மான் குழுவினர் 14 பேருக்கு அரை லீற்றர் தண்ணீர் கொடுத்து அளந்தார்கள். உடலின் சக்திச் செலவு 30 சதவீதம் கூடியதாக எழுதினார்கள். உலகமெங்கும் பரவியது இந்த எண்தான். மூன்று வருடம் கழித்து சுவிற்சர்லாந்தில் பிரவுன், டுலூ, மொன்டானி மூவரும் வடித்த நீரைக் கொடுத்துப் பார்த்தபோது அந்த உயர்வைக் காணவில்லை. நன்றாகக் குளிரவைத்த நீருக்கு மட்டும் சிறிதளவு கூடியது. இந்த மறுப்பு ஏனோ பரவவில்லை. பௌதிகமும் மறுத்தவர்கள் பக்கமே நிற்கிறது. 22 பாகை செல்சியசில் உள்ள அரை லீற்றர் நீரை உடற்சூட்டுக்குக் கொண்டுவர 7.5 கிலோகலோரி போதும். ஐஸ் தண்ணீராகவே குடித்தாலும் 19ஐத் தாண்டாது. ஒரு மாரி பிஸ்கட்டுக்குக் கூட அது காணாது.

இதைவிட உறுதியான சான்று சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது. 2010இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில், நடுவயதைக் கடந்தவர்களை வைத்து 12 வாரம் ஒரு சோதனை நடந்தது. எல்லாரும் உணவைக் குறைத்தார்கள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லீற்றர் நீர் குடித்தவர்கள் மற்றவர்களைவிட 2 கிலோ அளவில் கூடுதலாக இழந்தார்கள். 2015இல் பர்மிங்ஹாமில் 84 பேரிடம் செய்த சோதனையில் வித்தியாசம் 1.3 கிலோ. இரண்டும் சிறியவை, குறுகிய காலத்தவை. தண்ணீர் குடிப்பவருக்குத் தாம் குடிப்பது தெரியாமல் சோதனை நடத்தவும் வழியில்லை. பர்மிங்ஹாமில் ஒப்பீட்டுக் குழுவிடம், வயிறு நிறைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள்! இருந்தாலும் இரண்டு முடிவுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதால் ஒதுக்கிவிட முடியாது. கவனிக்க வேண்டியது, இரண்டிலும் தண்ணீர் உதவியது பசிக்கு எதிராக. நடையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் நடக்கும்போது? கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் கொழும்பின் புழுக்கம் இங்கே இல்லை. ஆனால் விடிகாலையில் காற்றில் ஈரம் கனத்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டும், சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. நனைந்து ஒட்டிய டீ சேர்ட்டைக் கரைந்த கொழுப்பின் அடையாளமாக எண்ணுவது இங்கிருந்துதான் வருகிறது. சிலர் இன்னும் ஒருபடி போய், மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், தண்ணீரும் தொட மாட்டார்கள். இது வெறும் வீண் வேலையோடு நிற்பதில்லை. 1997இன் இறுதியில், எடைப்பிரிவுக்குள் வருவதற்காக இப்படி வியர்வையைப் பிழிந்த மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் இறந்தார்கள். வியர்த்துக் குறைந்த கிலோ அடுத்த வேளைத் தண்ணீரோடு திரும்பிவிடும். உடற்கொழுப்பில் ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 7,700 கிலோகலோரி, அதாவது அறுபதுக்கு மேற்பட்ட வாவிச் சுற்றுகள்.

எதிர்ப்பக்கத்தில், மணிக்கணக்கு வைத்துக் குடிக்கச் சொல்பவர்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1996இல் தாங்கும் அளவுக்குக் குடிக்கலாம் என்றது. 2007இல் இறங்கி வந்து, உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றது. எழுபது கிலோக்காரருக்கு அது 1.4 லீற்றர் வியர்வை. ஒரு மணிநேர நடையில் அவ்வளவு போவது அபூர்வம். இடையில் 2002 பொஸ்ரன் மரதனில் 488 ஓட்டக்காரரின் இரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதத்தினருக்குச் சோடியம் ஆபத்தான பக்கமாகத் தாழ்ந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடித்து, ஓடி முடித்தும் எடை கூடியவர்களே இதில் பெரிதும் மாட்டியிருந்தார்கள்.

ஆகவே ஒரு மணிநேரத்துக்கு உட்பட்ட நடைக்கு என் தீர்ப்பு: வெறும் தண்ணீர், தாகத்துக்கு ஏற்ற அளவு. வாவியைச் சுற்றுவோரில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர், வயதானால் தாகம் மந்தமாகும் என்பதால் அவர்கள் புறப்படும் முன் ஒரு கிளாஸ் குடித்துவிடுவது நல்லது. தம்பிலி நல்ல பானம்தான். ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம், தம்பிலியில் மிகுதி பொட்டாசியம், கூடவே சீனியும். ஜீவனி உப்புக் கரைசல் வயிற்றோட்டத்துக்கு உரியது, காலை நடைக்கு அந்த உப்பு அநாவசியம். பிளேன்டீயும் தண்ணீர்க் கணக்கில் சேரும், இரண்டு கரண்டி சீனி போடாதவரை. பானங்களின் சீனி அளவைக் காட்ட 2016இல் நம் நாட்டில் வந்த நிறக் குறியீடு இங்கே அரைகுறையாகவே உதவுகிறது. 100 மில்லிலீற்றருக்கு 2 முதல் 11 கிராம் சீனி வரை எல்லாம் ஒரே மஞ்சள். அளப்பது நூறு மில்லி, குடிப்பதோ முழுப் போத்தல்.

ஹந்தானை மலையில் பகல் முழுக்க ஏறுபவருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது, அவருக்கு உப்பும் சாப்பாடும் வேண்டும். சிறுநீரக நோயாளிகள், இதயம் பலவீனமானவர்கள், சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மூன்று வேளையும் அரை லீற்றர் என்ற யோசனையை, டொக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.