'நீ'யும் 'நாமு'ம்

அமெரிக்கப் பாடகர் லாரி நார்மனின் 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்' (1972) கிறிஸ்தவ ராக் இசைத்தட்டுகளில் முக்கியமானதென்று எல்லோரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013ஆம் வருஷத்துத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அரசே பத்திரப்படுத்திவிட்ட கலகக்குரலை இன்று எப்படி வாசிப்பது?

'தி கிரேட் அமெரிக்கன் நாவல்' பாட்டில் கறுப்பர் கொலை, வியட்நாம், பிள்ளைகளைப் பட்டினிபோட்டு நிலவுக்குப் போன பெருமை எல்லாமே விசாரணைக்கு வருகின்றன. ஏழையை மிதிப்பவனின் பலியைக் கடவுள் வெறுக்கிறார் என்ற ஆமோஸின் கோபம் இது. ஆனா அதே மூச்சில், பள்ளியில் ஜெபத்தைத் தடுத்துவிட்டார்களே என்ற புலம்பலும் வருது. 1962, 63 தீர்ப்புகள் தடுத்தது அரசுப்பள்ளி நடத்துகிற ஜெபத்தைத்தான், மாணவனின் ஜெபத்தை அல்ல. பிற்பாடு மதவாத வலதுசாரிகளின் கோஷமானது இதே புலம்பல்தான்.

1969லேயே பாடி, இதில் மறுபடி சேர்த்த இன்னொரு பாட்டு மத்தேயு 24ஐ அடியொற்றியது. இருவரில் ஒருவர் மறைந்துபோகிறார். பாடுகிறவன் மீட்கப்பட்டவனல்ல, விடப்பட்டவன். வெற்றிக்களிப்பே இல்லாத அந்தத் துக்கம் பெரிய விஷயம்.

ஒன்றைக் கவனிக்கணும். கொலைக்கும் யுத்தத்துக்கும் பொறுப்பாளி 'நீ'. உலகமுடிவில் மட்டுமே 'நாம்'. தயாராயில்லாமல் போனோமே என்ற பரிதவிப்பு அந்தக் கறுப்பனின் சாவுக்கு வரவில்லை. தலைப்பே சொல்லிவிடுகிறது: வந்துபோகிறவன். விருந்தாளி வீட்டு அநியாயத்தைத் தட்டிக்கேட்பான், சரிதான். அதில் தன் பங்கு என்னவென்று கேட்டுக்கொள்வானா?