பிக் பிடிக்காத கை

பிக் வைத்து வாசித்தால் இயந்திரத்தனம், விரலால் வாசித்தால் ஆன்மா. கிட்டாரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்த வசனம் வந்துவிடுகிறது. ஜாங்கோ ரைன்ஹார்ட் பிக்கால்தான் வாசித்தார். அவரிடம் ஆன்மா இல்லையென்று யார் போய்ச் சொல்வது?

விரல் கட்சிக்காரர்கள் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் வெஸ் மான்ட்கோமரியை. கட்டைவிரலின் சதையால் வாசித்த ஜாஸ் கலைஞர். பிக்கின் மெல்லிய, கெட்டியான முனை கம்பியைச் சட்டென்று விடுவிக்கிறது; உயர்ந்த மேற்சுரங்கள் துள்ளிக்கொண்டு எழுகின்றன. சதை அகலம், மெத்தென்று வேறு இருக்கிறது. அந்த மேற்சுரங்களில் பாதியை அதுவே விழுங்கிவிடும். அவருடைய உருண்டையான தொனியில் ஆன்மாவின் பங்கு எவ்வளவோ, இயற்பியலின் பங்கும் அவ்வளவு.

எனக்குத் தொனியைவிட அந்தக் கட்டைவிரலின் நெருக்கடிதான் சுவாரசியம். பிக் மேலும் கீழுமாக மாறி மாறி ஓடும். அவர் விரல் பெரும்பாலும் கீழ்நோக்கியே தட்டும். ஆனால் ஒரே வீச்சில் பல கம்பிகளைத் தடவிச் செல்ல அதைவிட வசதி கிடையாது. இடது கை நடுக்கம்பியை அமுக்கிவிட்டால் போதும், இரண்டு பக்கமும் ஒரே சுரம் ஆக்டேவாக ஒலிக்கும். தனிச்சுரத்தில் தொடங்கி, ஆக்டேவுக்குப் போய், கார்டுகளில் உச்சம் தொடுவது அவருடைய சோலோக்களின் பெயர்பெற்ற வடிவம். வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் கனத்தைக் கூட்டுகிறார். 1960இல் வந்த 'ஃபோர் ஆன் சிக்ஸ்' பதிவை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

ஜெஃப் பெக் கதை வேறு. பிக்கால் பெயர் வாங்கிய ராக் கலைஞர், 1980களில் அதைக் கைவிட்டார். பிக் பிடித்தால் இரண்டு விரல்கள் நிரந்தரமாக ரிசர்வ் ஆகிவிடும். விட்டபிறகு ஒரு விரல் மீட்டும்போதே சுண்டுவிரல் வால்யூம் குமிழைத் திருப்பலாம், உள்ளங்கை ட்ரெமோலோ கம்பியை அசைக்கலாம். 1989இல் வெளியான 'வேர் வேர் யூ'வில் சுரத்தின் 'டக்' என்ற தொடக்கமே காதில் விழாது. எங்கிருந்தோ ஊறி வருகிறது. வார்த்தையில்லாமல் ஒருவர் பாடுகிற மாதிரி. மீட்டுவதை மட்டும் பார்த்தால் இதில் பாதி தவறிப்போகும்.

ஆகவே, பெக்கைப் பார்த்துப் பிக்கைத் தூக்கிப்போட்டவர்கள் பலரிடம் எனக்கு ஒரு புகார் உண்டு. விரல்தான் மாறியிருக்கிறது, பிக்குக்காக உருவான அதே பழைய ஓட்டங்களைத்தான் வாசிக்கிறார்கள், முன்பைவிட மெதுவாக. விடுதலையான அந்த இரண்டு விரல்களும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கின்றன.