சீப்பா தூக்கிட்டாங்க

ஐபிஎல் ஏலம் நடக்கும் நாளில் பெரிய காஞ்சிபுரத்து டீக்கடைகளில் அதிகம் காதில் விழும் பாராட்டு, "சீப்பா தூக்கிட்டாங்கப்பா" என்பது. பாராட்டு ஆட்டக்காரருக்கு இல்லை, அவரை வாங்கிய அணிக்கு. நல்ல பந்துவீச்சாளர் ஒருவர் அடிப்படை விலைக்கே போய்விட்டால் நமக்கு ஏதோ லாபம் வந்த மாதிரி ஒரு சந்தோஷம். பகலெல்லாம் கூலி போதவில்லை என்று பேசுகிற ஊர் இது. மாலையில் டிவி முன்னால் உட்கார்ந்ததும் முதலாளியின் நாற்காலியில் ஏறிக்கொள்கிறோம்.

இந்த மனநிலையைக் கலையாக்கிக் கொடுத்த படம் ஒன்று உண்டு: பென்னட் மில்லர் இயக்கி 2011-இல் வந்த 'மனிபால்'. மைக்கேல் லூயிஸ் 2003-இல் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. பேஸ்பால் நமக்குத் தெரியாத விளையாட்டு என்றாலும் இங்கே அந்தப் படத்துக்கு ரசிகர்கள் அதிகம். கிரிக்கெட் விமர்சகர்கள் ஏலத்தைப் பற்றிப் பேசினால் பத்து நிமிடத்துக்குள் 'மனிபால்' என்ற சொல் வந்துவிடும்.

படம் இரண்டு எண்களோடு தொடங்குகிறது. 2001-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் சம்பளப் பட்டியல் 11 கோடியே 44 லட்சம் டாலர். எதிரே ஓக்லாந்து அணிக்கு 3 கோடியே 97 லட்சம். ஓக்லாந்து தோற்கிறது. அதன் பெரிய மட்டையாளர் ஜேசன் ஜியாம்பி யாங்கீஸுக்கே போய்விடுகிறார், ஏழு ஆண்டுக்கு 12 கோடி டாலருக்கு. மேலாளர் பில்லி பீன் (பிராட் பிட்) ஒரு புள்ளிவிவரப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஒதுக்கிய ஆட்களைக் குறைந்த விலைக்குப் பொறுக்கி எடுக்கிறார். 2002-இல் அந்த அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை ஜெயிக்கிறது. பணமூட்டைக்கு எதிராக மூளை. யாருக்குத்தான் பிடிக்காது?

எனக்கும் பிடித்த படம்தான். பிராட் பிட் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவது, போனில் நாலு அணிகளை ஒரே நேரத்தில் மடக்கி ஒரு ஆளை வாங்கும் காட்சி, இதெல்லாம் அபாரம். அதே படத்தில் இன்னொரு காட்சி. ஆட்டக்காரரிடம் "உன்னை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டோம்" என்று எப்படிச் சொல்வது என்று பில்லி அந்தப் பையனுக்குப் பாடம் நடத்துகிறார். சுருக்கமாகச் சொல், சமாதானம் செய்யாதே, அவ்வளவுதான். தியேட்டரில் சிரிப்பார்கள். வீட்டை ஒழித்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் மாறப் போகிறவனின் முகம் திரையில் சில நொடிகள்தான்.

படம் மறைக்கும் பெரிய விஷயம் வேறு. அந்த 2002 அணியை உண்மையில் தூக்கி நிறுத்தியவர்கள் பந்துவீச்சாளர்கள் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஜிட்டோ மூவரும், மிகேல் டெஹாடாவும். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர் விருது ஜிட்டோவுக்கு, சிறந்த ஆட்டக்காரர் விருது டெஹாடாவுக்கு. இவர்களைப் படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது பலரும் சொன்ன குறைதான். ஆனால் இவர்கள் ஏன் மலிவாகக் கிடைத்தார்கள் என்ற கேள்வியை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. பில்லியின் கணக்குப் புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேஸ்பாலில் ஒருவர் பெரிய லீக்குக்கு வந்தபின் ஆறு ஆண்டுகள் சேவை முடியும்வரை தன்னை எடுத்த அணியைவிட்டுப் போக முடியாது. அதில் முதல் சில ஆண்டுகள் அணி கொடுப்பதுதான் சம்பளம். ஜியாம்பி ஓடிப்போனவர் மாதிரி படத்தில் தெரிகிறார். அவர் தன் கெடுவை முடித்துவிட்டு, முதல்முறையாகத் தன் விலையைத் தானே கேட்டவர்.

அந்த உரிமையும் சும்மா வந்ததல்ல. 1975 வரை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆள் அணிக்கே சொந்தம், அணியே பார்த்து விற்கலாம். 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட் என்பவரை பிலடெல்பியாவுக்குத் தள்ளிவிட்டபோது அவர் போகமாட்டேன் என்றார். நான் வாங்கி விற்கும் பொருள் இல்லை என்று லீக்கின் ஆணையருக்குக் கடிதம் எழுதி வழக்கும் போட்டார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆட்ட வாழ்க்கை போயிற்று. ஆனால் மார்வின் மில்லர் நடத்திய ஆட்டக்காரர் சங்கம் விடவில்லை. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த விதியை உடைத்தார். நான்கே ஆண்டில் நோலன் ரயன் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வாங்கும் முதல் ஆட்டக்காரர் ஆனார். 2000-இல் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்குப் பத்தாண்டுக்கு 25 கோடியே 20 லட்சம். 2024-இல் ஹுவான் சோட்டோவுக்குப் பதினைந்து ஆண்டுக்கு 76 கோடியே 50 லட்சம். டிவிக்காரர்கள் பணம் கொட்டினார்கள், வாஸ்தவம்தான். ஆனால் ஆட்டக்காரர் எழுந்து போக முடியும் என்றான பிறகுதான் அந்தப் பணம் அவர் பக்கம் திரும்பியது.

காஞ்சிபுரத்தில் இருப்பவனுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இங்கே முதலாளி பாவும் பட்டும் ஜரிகையும் கொடுப்பார். நெசவாளி வீட்டிலேயே தறி போட்டு நெய்து, புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அதற்கும் முன்னால் முன்பணம் ஒன்று கைமாறியிருக்கும், மகள் கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ. அதற்குப் பெயர் 'பாக்கி'. பாக்கி இருக்கும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. இன்னொருவருக்கு ஆள் வேண்டும் என்றால் அவர் பழைய பாக்கியை அடைத்து எடுத்துக்கொள்வார். கடன் கழியாது, பேரேடு மாறும். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் வரும்படி கோர்வை போடுவதில் கைதேர்ந்தவர் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் சித்தப்பா. "கூட குடுங்கன்னு கேக்கக் கூடாதா சித்தப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "கேக்கலாம்டா. பாக்கியைக் கட்டிட்டு வந்து கேளும்பாங்க" என்றார், தறியிலிருந்து கண்ணை எடுக்காமலே. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கம்பெனிகள் வந்து இளசுகள் ஷிஃப்ட் வேலைக்குப் போன பிறகு எங்கள் தெருவில் முன்பணத் தொகை ஏறியது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆளைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் பணம் வேறு, வேலைக்குக் கொடுக்கும் விலை வேறு.

இந்தக் கண்ணோடு ஐபிஎல் ஏலத்தைப் பார்த்தால் அந்தக் கோடிகளும் வேறு மாதிரி தெரியும். 2008 பிப்ரவரியில் சென்னை அணி தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது, அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாய். 2024 நவம்பரில் ஜெட்டாவில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். நாலரை மடங்கு, தலைப்புச் செய்தி. ஒரு அணி ஏலத்தில் செலவழிக்கக்கூடிய தொகை இதே காலத்தில் 50 லட்சம் டாலரிலிருந்து 120 கோடி ரூபாயாக, ஏறக்குறைய ஆறு மடங்காக, உயர்ந்தது. ஒளிபரப்பு உரிமை? முதலில் பத்தாண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர். அதாவது ஆண்டுக்கு 400 கோடி ரூபாய் அளவில். அடுத்த ஆண்டே அதை உயர்த்தித் திருத்தினார்கள். 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்கு 48,390 கோடி. ஆண்டுக்கு 9,600 கோடிக்கு மேல். பத்து அணிகளின் ஏலப் பணத்தைக் கூட்டினால் 1,200 கோடி. பேஸ்பாலில் மொத்த வருவாயில் ஏறத்தாழ பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. இங்கே டிவி பணத்தில் மட்டுமே எட்டில் ஒரு பங்கு.

ஏலம் என்று பெயர், ஆனால் விற்பவர் மேடையிலேயே இல்லை. எந்த ஊருக்குப் போகிறேன் என்று ஆட்டக்காரர் சொல்ல முடியாது. ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு நேரடியாகப் பேசினார் என்பதற்காக 2010 சீசன் முழுக்கத் தடை. அதே ஜடேஜாவை 2012-இல் 20 லட்சம் டாலருக்குச் சென்னை வாங்கியபோது கைதட்டினோம். 2025-இல் 18 கோடி சம்பளத்தை 14 கோடியாக்கி மறுபடி ராஜஸ்தானுக்கே மாற்றினார்கள். அந்த டிசம்பரில் கேமரூன் கிரீனுக்குக் கொல்கத்தா 25.20 கோடி வரை போனது. அவர் கைக்கு 18 கோடிதான், சிறு ஏலத்தில் வெளிநாட்டவருக்கு அதுதான் உச்சவரம்பு. மீதி வாரியத்தின் நலநிதிக்கு. பேசுவதற்கு ஒரு சங்கமாவது உண்டா என்றால், இந்தியாவில் 2019-இல் வந்த கிரிக்கெட்டர் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது.

27 கோடி வாங்குபவருக்காக நெசவாளி ஊரிலிருந்து அழ வேண்டுமா என்று கேட்பீர்கள். கர்ட் ஃப்ளட்டிடமும் இதைத்தான் கேட்டார்கள், ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குபவனுக்கு என்ன குறை என்று. பந்த் பற்றி எனக்கும் கவலை இல்லை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். அப்பா தறிக்கூடத்தில் கூலி வேலை பார்த்தவர். 2017-இல் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடி. அடுத்த ஆண்டே 40 லட்சம். 2022-இல் 4 கோடி, 2024-இல் 10.75 கோடி. அதே இடது கைதான் யார்க்கர் போட்டது. இந்த ஏற்ற இறக்கத்தில் அவர் வாய் திறக்க ஓர் இடமும் இல்லை.

தறிப் பக்கத்திலிருந்து எடுத்த படமும் ஒன்று இருக்கிறது, ப்ரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. பிரகாஷ்ராஜின் நெசவாளி சங்கம் சேர்த்து வேலைநிறுத்தம் செய்கிறான். பிறகு மகளுக்காகத் திருட்டுப் பட்டில் நெய்யும் புடவை முடியவேண்டும் என்பதற்காக, அவனே மற்றவர்களை வேலைக்குத் திரும்பச் சொல்கிறான். அழவைக்கும் படம், கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் கூலியைப் பற்றி 'மனிபால்' சொல்லாததை அது சொல்லிவிடுகிறது.

'மனிபால்' முடிவில் பாஸ்டன் அணி பில்லியை அழைக்கிறது, ஐந்தாண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் டாலர். அவர் யோசித்து, வேண்டாம் என்று ஓக்லாந்திலேயே இருந்துவிடுகிறார். காரில் மகளின் பாட்டு, கண்ணில் நீர். அவர் போகவும் முடியும், இருக்கவும் முடியும். பேரி ஜிட்டோ அந்த ஆண்டு விருதை வாங்கிக்கொண்டு வந்து அதே அணிக்குத் தொடர்ந்து பந்து வீசினார். அவர் கெடு முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் பாக்கி இருந்தன.