மேகமும் மனமும்: ஸ்டீக்லிட்ஸின் வானப் படங்கள் குறித்து

ஒளிப்படக் கலை பற்றி நம்மவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி, உயிருள்ளவற்றின் உருவைப் படமெடுப்பது ஆகுமா ஆகாதா என்னும் மார்க்கத் தீர்ப்போடு நின்றுவிடுகிறது. மேகத்தைப் படமெடுப்பவர் முன் அந்த வழக்கு எழுவதில்லை. மலை, மரம், வானம் ஆகியவற்றின் படங்களை அறிஞர்கள் பொதுவாகத் தடுத்ததுமில்லை. ஆனால் தீர்ப்பு முடியும் இடத்தில்தான் திறனாய்வு தொடங்குகிறது. படம் ஆகும் என்றான பின்பும், அது எதைக் காட்டுகிறது, யாரைக் காட்டுகிறது என்ற வினா எஞ்சி நிற்கிறது.

இவ்வினாவுக்கு உரைகல்லாக அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் (1864–1946) மேகப் படங்களை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மாநிலத்தில் லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் அவருடைய குடும்பத்தின் கோடை இல்லம் இருந்தது. அங்கே 1922இல் தொடங்கிய இம்முயற்சியை அவர் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தார். அவர் எடுத்த மனித முகங்களின் வலிமை, எதிரில் அமர்ந்தவர்மீது அவர் செலுத்திய வசியத்தால் வந்தது என்றொரு கருத்து அக்காலத்தில் எழுந்தது. அதற்கு விடையாகவே, எல்லோர் தலைக்கு மேலும் விலையின்றி நிற்கும் மேகத்தை அவர் தேர்ந்தார். படத்தின் வலிமை எடுபொருளில் இல்லை என நிறுவுவதே நோக்கம் என 1923இல் கட்டுரையும் எழுதினார். முதல் வரிசைக்கு இசையின் பெயரைச் சூட்டியவர், 1925 முதல் ‘ஈக்விவலண்ட்ஸ்’ என்ற தலைப்பை ஏற்றார். ‘நிகரானவை’ என்று அதைத் தமிழாக்கலாம். தம் உள்ளத்தின் நிலைக்கு நிகரானவை என்பதே அவர் கருதிய பொருள்.

இப்படங்களின் அருமையை உணர, அவற்றுக்கு முந்தைய நிலையை அறிதல் வேண்டும். 1850களில் பயன்பட்ட கொலோடியன் தகடு நீல ஒளிக்கு மிகையாக இணங்கும். கடலுக்குப் போதுமான ஒளியைக் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு தகடும் வானுக்கு ஒரு தகடுமாக எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் பொருத்தி அச்சிட்டார். ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களின் மேல் அவர் வைத்ததும் உண்டு. ஸ்டீக்லிட்ஸின் காலத்திலோ எல்லா நிறங்களுக்கும் இணங்கும் பான்குரோமட்டிக் படச்சுருள் கிடைத்தது. ஒட்டு வேலை இல்லாமலே கருமையான வானில் வெண்மேகத்தின் நுண்ணிழைகளை அவரால் பிடிக்க முடிந்தது. கைக்குள் அடங்கும் அளவிலான அச்சுகள் அவை. பலவற்றில் தொடுவானம் இல்லை, மரமில்லை, எப்புறம் மேல் என்பதற்கான குறிப்புமில்லை. ஓவியத்தைப் போலி செய்யும் பழக்கத்திலிருந்து ஒளிப்படத்தை விடுவித்த முயற்சிகளுள் இதற்கு உயர்ந்த இடம் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை.

நமது தடை வேறிடத்தில் இருக்கிறது. தொடுவானம் நீங்கும்போது மேகத்தின் கீழுள்ள நிலமும் நீங்கிவிடுகிறது. காற்று எங்கிருந்து வருகிறது, மழை எங்கே இறங்கும், அதற்காகக் காத்திருப்பவர் யார், அஞ்சுபவர் யார் என்பனவெல்லாம் சட்டத்துக்கு வெளியே போகின்றன. எஞ்சுவது மேகமும் அதைக் கண்டவரின் மனமும்தான்.

திருமறை மேகத்தைப் பேசும் முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்நூர் அத்தியாயத்தின் 43ஆம் வசனமும் அர்ரூம் அத்தியாயத்தின் 48ஆம் வசனமும் மேகம் செலுத்தப்படுவதையும், அதனிடையிலிருந்து மழை வெளிப்படுவதையும் ஒரு செயலின் படிகளாகக் காட்டுகின்றன. அர்ரஃது அத்தியாயம் மின்னலை அச்சத்தோடும் ஆசையோடும் இணைத்துச் சொல்கிறது. அல்அஹ்காஃப் அத்தியாயத்தில் ஆது சமூகத்தார் தம் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தை மழையென்று மகிழ்ந்தனர், வந்ததோ வேதனை. இதனாலன்றோ, மேகம் கண்டு மக்கள் மகிழும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அம்முகமாற்றம் மேகத்தை மனத்தின் கண்ணாடியாகக் கண்டதால் வந்ததன்று. மேகம் தமக்கு அப்பாற்பட்ட ஒரு கட்டளையைச் சுமந்து வருகிறது என்ற அறிவால் வந்தது.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடக் கூர்மையானது. ஹிஜ்ரி 10இல் நபிகளாரின் இளம் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மறைவுக்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசினர். துயரம் உண்மையானது, வானமும் அதற்கு ஒத்தாற்போல் இருண்டிருந்தது. ‘நிகரானது’ என்ற சொல்லுக்கு அதனினும் பொருத்தமான வேளை அமைந்திருக்க இயலாது. ஆயினும், சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் அவை ஒளி இழப்பதில்லை என நாயகம் (ஸல்) மறுத்துரைத்தார்கள். மகனை இழந்த தந்தை, தம் துயரை வானத்தின்மேல் ஏற்ற இசையவில்லை.

ஸ்டீக்லிட்ஸுக்கு நாம் நீதி செய்ய வேண்டும். மேகம் தமக்காக வருந்தியது என அவர் எங்கும் கூறவில்லை. தம் கையால் ஆன அச்சுப்படமே தம் உணர்வுக்கு நிகர் என்றார். கலைஞருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர் திறந்த வழியில் வந்தோர் பலர், அந்த உள்ளொடுக்கம் இன்றி, வானத்தைத் தம் உணர்ச்சிக்கான அரங்கத் திரையாக்கினர். புயலின் படத்தில் நிறம் கூட்டப்படுகிறது, கருமை ஏற்றப்படுகிறது. அதே மேகத்தின் கீழ் படகோடு கடலில் நிற்பவனின் அச்சம் நினைவுக்கு வருவதே இல்லை. 2020இல் போட்டோஷாப் மென்பொருளில் ஒரு படத்தின் வானத்தை நீக்கி வேறு வானத்தை வைக்கும் வசதி தனிக் கட்டளையாகவே வந்தது. லெ கிரே ஒட்டியது, தகட்டால் காண முடியாததைக் கண் கண்டபடி மீட்பதற்காக. இன்று ஒட்டப்படுவதோ, கண் கண்ட வானம் போதாது என்பதற்காக.

மறுவழியும் இருந்தது. ஜப்பானிய அறிவியலர் மசனாவோ அபே, ஃபுஜி மலையை நோக்கி ஆய்வுக்கூடம் அமைத்து, 1920களின் பிற்பகுதியிலிருந்து பல்லாண்டு அம்மலையின் மேகங்களைப் படமெடுத்தார். மலைமேல் காற்று எவ்வாறு ஓடுகிறது என்பதை மேகத்தின் வழியே அறிவதே அவர் வேட்கை. அவர் கலைஞராகப் புகழ் தேடியவரல்லர். ஆயினும் அப்படங்களில் மலை இருக்கிறது, காற்று இருக்கிறது, காத்திருந்த பொறுமை இருக்கிறது. அவற்றின் அழகு, பார்ப்பவர் தம்மைப் பின்னிறுத்திக்கொண்டதால் விளைந்தது.

வானத்தின் படமொன்றை மதிப்பிடுகையில், அது எவ்வளவு திகைக்க வைக்கிறது என்பதோடு நாம் நிறைவுறலாகாது. அதைப் பார்த்தபின் நாம் தலை நிமிர்ந்து மெய்யான வானத்தை நோக்குகிறோமா, படமெடுத்தவரின் திறமையிலேயே தங்கிவிடுகிறோமா என்பதையும் கேட்டாக வேண்டும். ஸ்டீக்லிட்ஸின் சிறந்த படங்கள் சில முதல் வகையில் நம்மைச் சேர்க்கின்றன. அவர் தந்த தலைப்போ நம்மை இரண்டாவதற்கு இழுக்கிறது. தலைப்பை ஒதுக்கிவைத்துப் படங்களைக் காண்பதே அவருக்கும் மேகத்துக்கும் நாம் செய்யும் நீதி.