அணிலைக் கொடுத்து ஓநாயை வாங்கும் ஆட்டம்

சீட்டாட்டத்தில் தோற்றவர் சொல்லும் முதல் வார்த்தை, "இன்று எனக்குக் கை சரியில்லை" என்பதுதான். அந்தச் சீட்டுக்கட்டையே ஆடுபவர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்றால்? 2008இல் டொனால்ட் எக்ஸ். வக்கரினோ வகுத்த 'டொமினியன்' என்னும் ஆட்டம் இவ்வெண்ணத்தைப் பரப்பியது. ஆடிக்கொண்டே கட்டை வளர்க்கும் இவ்வகைக்கு 'டெக் பில்டிங்' என்று பெயர். பின்னர் இது கணிப்பொறிக்கும் வந்தது. அங்கே பிறந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

'கேம் ஜாம்' என்பது, தலைப்பொன்றைக் கொடுத்துக் குறித்த நேரத்துக்குள் ஓர் ஆட்டத்தை உருவாக்கச் சொல்லும் நிகழ்ச்சி. 'லூடம் டேர்' அவற்றுள் புகழ்பெற்றது. 2018 டிசம்பரில் அதன் 43ஆம் சுற்றுக்கு, 'பலி கொடுத்தே ஆகவேண்டும்' என்ற பொருளில் தலைப்புத் தரப்பட்டது. கனடா நாட்டைச் சேர்ந்த டேனியல் மல்லின்ஸ் 48 மணி நேரத்தில் ஒரு சிறு சீட்டாட்டத்தைச் செய்துமுடித்தார்; அந்தத் தலைப்பையே அதற்குப் பெயராகவும் வைத்தார். அந்த விதையிலிருந்து வளர்ந்ததே 2021 அக்டோபரில் வெளிவந்த 'இன்ஸ்கிரிப்ஷன்'.

இதன் உயிர்நாடி ஒரே விதி. ஒரு சீட்டை இறக்க வேண்டுமானால், களத்தில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் சீட்டு ஒன்றைப் பலியிட வேண்டும். அணிலுக்கு விலையில்லை; அதனால் தாக்கவும் முடியாது. ஓநாயின் தாக்கும் வலிமை 3. விலையோ இரண்டு உயிர்கள். இரண்டு அணில்களைக் கொடுத்தால் ஓர் ஓநாய் வரும். எதிரே தடுப்பவர் இல்லாதபோது ஓநாய் தாக்கினால் தராசில் மூன்று எடை விழும். எதிரியின் பக்கம் ஐந்து எடை மிகுந்தால் வெற்றி உங்களுடையது.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். பத்து அணில்களையும் பத்து வேட்டை விலங்குகளையும் ஒரே கட்டாகக் கலைத்து நான்கு சீட்டுகளை எடுக்கிறீர்கள். நான்கும் அணிலாக வந்தால் தாக்க ஆளில்லை. ஒன்றுமே அணில் இல்லையென்றால் விலை கொடுக்க வழியில்லை. இருபதிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 4,845 வழிகள் உள்ளன. அவற்றுள் 420 வழிகள் இந்த இருவகைச் சங்கடத்தில் முடியும். அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு முறைக்கு ஒருமுறை! பத்துப் புளியங்கொட்டைகளையும் அதே அளவுள்ள பத்துக் கூழாங்கற்களையும் ஒரு பையில் போட்டு, பார்க்காமல் நான்கு நான்காக ஐம்பது முறை எடுத்துப் பாருங்கள். எடுத்ததை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட மறக்காதீர்கள்.

மல்லின்ஸ் இந்தச் சங்கடத்தை எளிதாகத் தீர்க்கிறார். 'இன்ஸ்கிரிப்ஷன்' முதற்பகுதியில் அணில்களுக்குத் தனிக் கட்டு உண்டு. ஒவ்வொரு முறையும் எந்தக் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள். எதிரி அடுத்து இறக்கப்போகும் சீட்டுகளும் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே தோற்றவர் கையைக் குறை சொல்வது அவ்வளவு எளிதன்று. இதைத்தான் இவ்வாட்டத்தின் முதற்சிறப்பாக நான் கருதுகிறேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தொடக்கத்தில் உங்கள் கட்டில் நான்கே விலங்குகள். அதிலிருந்து மூன்று கைக்கு வருகின்றன. சீட்டுகள் முழுக்கத் தற்செயலாக வருவதாகக் கொண்டால், ஓநாய் கையில் இருக்க வாய்ப்பு 3/4. வழியெல்லாம் சீட்டுகளைச் சேர்த்துக் கட்டைப் பன்னிரண்டாக்கினால் அது 1/4 ஆகக் குறைந்துவிடும். சேர்க்கச் சேர்க்கச் சிறந்தது கைக்கெட்டாமல் போகிறது! டொமினியனிலும் தேர்ந்தவர்கள் பயனற்ற சீட்டுகளைக் கழிப்பதில் குறியாக இருப்பார்கள். இங்கே அந்தக் கழித்தலும் பலியாகவே நடக்கிறது. பலிக்கல்லில் ஒரு சீட்டை இழந்தால், அதன் சிறப்பாற்றல் மற்றொரு சீட்டுக்குச் சேரும். ஆட்டத்துக்குள்ளும் கட்டு அமைப்பதிலும் ஒரே எண்ணம் ஓடுவது மெச்சத்தக்கது.

குறைகளும் உண்டு. 'ஊரோபோரஸ்' என்னும் பாம்புச் சீட்டு இறக்கும் ஒவ்வொரு முறையும் வலிமை கூடிக் கைக்குத் திரும்புகிறது. இதைப் பலியிட்டால் இழப்பே இல்லை, இலாபம்தான்! மேலே சொன்ன கணக்கெல்லாம் அங்கே பொருளற்றுப் போகிறது. ஆட்டத்தை ஆடுபவரே உடைத்துப் பார்க்கட்டும் என்று ஆசிரியர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்பார்கள். கதைக்கு அது பொருந்தலாம். புதிர் என்ற அளவில் பலவீனமே.

இதைவிடப் பெரிய குறை மூன்றாம் பகுதி. அங்கே பெரும்பாலும் விலை மின்னாற்றல். செலவழித்தது அடுத்த முறையே முழுதாக நிரம்பிவிடுகிறது. எதையும் இழக்காமல் எல்லாம் கிடைக்கும்போது, ஓர் அணிலைக் கொடுக்கக் கை தயங்கிய அந்தச் சுவை எங்கே? பகுதிக்கொரு புதுமை வேண்டும் என்ற ஆசையில், 48 மணி நேரத்தில் கண்டெடுத்த நல்ல எண்ணத்தை ஆசிரியர் நடுவழியில் கைவிட்டுவிட்டார் என்றே சொல்வேன். 2022இல் இவ்வாட்டம் சுயேச்சை ஆட்ட விழாவின் பெரும்பரிசைப் பெற்றது உண்மைதான். ஆனால் அதே ஆண்டில் அவர் இலவசமாகச் சேர்த்த 'கேசீஸ் மாட்' என்ற பகுதி, முதற்பகுதி விதிகளை மட்டுமே வைத்துத் திரும்பத் திரும்ப ஆடுவதற்கென அமைந்தது.

இருட்டறை, தன் பல்லைத் தானே பிடுங்கித் தராசில் வைப்பது போன்ற கொடூரக் காட்சிகள் இதில் உண்டு. ஆகவே சிறுவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்கு அந்தப் புளியங்கொட்டைப் பையே போதும்.