பளிங்குக்கு ஆசிட் எதற்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர் போயிருக்கிறீர்களா? பெரியநாயகி மாதா கோயில். 17-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான பூஷே பாதிரியார் அங்கே ஒரு கோயில் கட்டினார். இப்போதிருப்பது 1747-ல் எழுந்தது. வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றியிருக்கிறார். சில சுற்றுலாக் குறிப்புகளில் பூஷே 1547-ல் கட்டியதாகப் போட்டிருக்கும். நம்பாதீர்கள். அவர் பிறந்ததே 1655-ல்!

தேதியில் தப்பு வந்தால் அழித்து எழுதலாம். கல்லில் முடியாது. திருவிழா நெருங்கினால் பழைய மாதா கோயில்களில் ‘புதுப்பிக்கிறேன்’ என்று கிளம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பழுப்பேறிய பளிங்குப் பீடத்தை பாத்ரூம் கழுவும் ஆசிட்டால் தேய்க்கிறார்கள். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் நுரைக்கும்; நுரையாகப் போவது பளிங்கேதான். மேல்தோல் சொரசொரப்பாகி, அடுத்த வருஷம் அழுக்கு இன்னும் சுலபமாக ஒட்டும். எலுமிச்சம்பழம், வினிகர்கூட ஆசிட்தான் ஸார்.

தாஜ்மஹாலுக்கே என்ன செய்கிறார்கள்? முல்தானி மிட்டியைக் குழைத்து அப்பி, காயவிட்டு, தண்ணீரில் கழுவுகிறார்கள். பெண்கள் முகத்துக்குப் போடும் அதே சமாசாரம். மண் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும், கல் பிழைக்கும்.

பழைய கட்டடங்களைக் காப்பதற்கான 1964 வெனிஸ் சாசனம், ஊகம் ஆரம்பிக்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் சீரமைப்பே ஊகத்தில்தான் ஆரம்பிக்கிறது.

உபயதாரர்களே, உங்கள் பெயரை எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். டைல்ஸை மட்டும் உங்கள் வீட்டில் ஒட்டுங்கள்.