சன்ஷேடுக்கு அடியில் ஒரு காது

வீட்டு வாசலுக்கு சிசிடிவி கேமரா மாட்ட வருகிறவர் முதலில் தேடுவது உயரத்தை. பத்து அடிக்கு மேலே, சன்ஷேடுக்கு அடியில் இடம் பிடித்துவிட்டால் திருடன் கை எட்டாது, மழை நேராக அடிக்காது, கேட்டிலிருந்து தெருமுனை வரை தெரியும். படத்துக்கு அது நல்ல இடம். அதே கேமராவின் முகத்தில் குண்டூசித் துளை அளவில் ஒரு மைக்கும் இருக்கிறது. அதை அப்போது யாரும் நினைப்பதில்லை. கேட்டில் நின்றவர் என்ன சொன்னார் என்று ஒருநாள் பதிவைப் போட்டுக் கேட்டால், வண்டிச் சத்தத்துக்கும் காற்றிரைச்சலுக்கும் நடுவே ஏதோ முணுமுணுப்பு மட்டும் மிஞ்சுகிறது. உடனே கேமராவைக் குறை சொல்கிறோம். என் கணிப்பில் கருவியின் குறை பாதிகூட இல்லை. படம் பிடிக்கும் இடத்திலிருந்தே பேச்சையும் பிடித்துவிடலாம் என்ற வழக்கம்தான் தவறு.

ஒலியே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கேமராவின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. சுவரேறிக் குதிக்கும் சத்தம், பக்கவாட்டு ஜன்னல் உடைவது, நள்ளிரவில் வாசலுக்குச் சற்றுத் தள்ளி வந்து நிற்கும் பைக் எல்லாம் அந்த எல்லைக்கு வெளியிலிருந்தும் மைக்குக்கு வந்து சேரும். அவற்றுக்குத் தெளிவு தேவையில்லை, கேட்டாலே போதும். உயரத்து மைக் இந்த வேலையை நன்றாகச் செய்கிறது. வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில், துபாயில் இருக்கும் மகள் கைபேசி வழியே கூரியர்காரரிடம் பேசி அனுப்பிவிட முடிகிறது. மிரட்ட வந்தவன் படத்தில் வாயை அசைக்கிறான். என்ன சொன்னான் என்பது ஒலியில்தான் இருக்கிறது. காவல் நிலையங்களில் கேமரா வைக்க 2020 டிசம்பரில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமும், படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும் என்று சேர்த்தே சொன்னது.

சிக்கல் பேச்சில் வருகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். இயல்பான பேச்சு 1 மீட்டரில் ஏறத்தாழ 60 டெசிபெல். 2 மீட்டரில் அது 54, 4 மீட்டரில் 48, 8 மீட்டரில் 42. கேட்டுக்கும் சன்ஷேடுக்கும் நடுவே கார் நிறுத்த இடம் விட்ட வீட்டில் 8 மீட்டர் வெகு சாதாரணம். மறுபக்கம் தெருவின் இரைச்சல். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்த வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். நம் தெருக்கள் பல இதை மீறுகின்றன. மீறாத தெரு என்றே வைத்துக்கொண்டாலும், பகலில் மைக்குக்கு வரும் பேச்சு இரைச்சலைவிட 13 டெசிபெல் தாழ்ந்துதான் வருகிறது. தடுமாறாமல் புரிய வேண்டுமென்றால் பேச்சு இரைச்சலுக்கு மேலே 10 டெசிபெல்லாவது நிற்க வேண்டும். அதே மைக் பேசுகிறவர் வாயிலிருந்து அரை மீட்டரில் இருந்தால் பேச்சு 66 டெசிபெல். வேறு எதையும் மாற்றாமலே கணக்கு சரியாகிவிடுகிறது.

இந்தப் பள்ளத்தை செட்டிங்கில் நிரப்பப் பார்க்கிறோம். வால்யூமை 100க்கு ஏற்றினால் பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும், இடைவெளி அப்படியே இருக்கும். ஹாரன் அடித்தால் ஒலி உடைந்து கரகரக்கும். ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயின், அமைதியான இரவில் வெற்று இரைச்சலைப் பெருக்குகிறது. நாய் குரைத்ததும் சட்டென்று தாழ்ந்து, அடுத்து வரும் சொல்லை விழுங்குகிறது. இரைச்சல் நீக்கும் வசதி ஏசியின் வெளிப்பெட்டி போன்ற ஒரே சீரான சத்தத்துக்கு உதவும். தாழ்ந்து வரும் பேச்சில் அது மெய்யொலிகளையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

மாற்றிப் பயன் தரும் செட்டிங் ஒன்று உண்டு. பல கேமராக்கள் ஜி.711 என்ற தொலைபேசிக் கால முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகளாக ஒலியைப் பதிகின்றன. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளது எதுவும் அதில் நிற்காது. உரசி வரும் ஒலிகளின் வலுவோ பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. வண்டி எண்ணைச் சொல்லும்போது எஸ், எஃப் இரண்டும் ஒன்றாகக் கேட்பது இதனால். ஏஏசி, 16 கிலோஹெர்ட்ஸ் என்ற தேர்வு இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். ரெக்கார்டரில் 'வீடியோ மட்டும்' என்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நேரலையில் கேட்ட ஒலி பதிவில் இல்லாமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மைக் துளை பெயின்ட்டில் அடைபடும். பிரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் உறையும் சிலந்தி வலையும் அதையே செய்யும். ஆடிக் காற்று நேராக மோதும் சுவரென்றால் பஞ்சுறை போட்ட மைக் தேவை.

ஆக, மைக்கைத் தனியே பிரித்து கேட் தூணில், காலிங் பெல்லுக்குப் பக்கத்தில், வாய் உயரத்துக்குக் கொண்டுவருவதே சரியான தீர்வு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிசிடிவி மைக்கை ரெக்கார்டரின் ஆடியோ உள்ளீட்டில் இணைத்தால் போதும். இதிலும் தொல்லைகள் உண்டு. கை எட்டும் இடம் என்பதால் பிடுங்கவும் எட்டும். கவசமில்லாத வயரை மின்கம்பியோடு ஒரே குழாயில் இழுத்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏறும். கேமராவின் அடாப்டரிலேயே மின்சாரம் எடுத்தாலும் இரைச்சல் நுழையலாம். வீடியோ காலிங் பெல் இந்த வயர் வேலையை மிச்சப்படுத்தும், கேட் வரை வைஃபை உறுதியாக எட்டினால்.

வழக்கென்று வந்தால் தெளிவின் மதிப்பு கூடும். ஒலிப்பதிவைச் சான்றாக ஏற்க 1985இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிபந்தனைகளில், பேசியவர் யாரென்று அடையாளம் காண முடிவதும், குரல் பிற சத்தங்களில் மூழ்காமல் தெளிவாகக் கேட்பதும் அடங்கும். சன்ஷேடு மைக்கின் பதிவு இங்கே எளிதில் தோற்கும்.

இந்த வழக்கத்தில் என்னை அதிகம் உறுத்துவது அக்கம்பக்கத்தார் நிலை. படத்தில் எதிர்வீட்டு ஜன்னலை மறைத்துவிட ஒரு வசதி இருக்கிறது. எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்குக்கு அப்படி மறைப்பு கிடையாது. திண்ணையில் இரு பெண்கள் பேசும் குடும்பக் கதை, பக்கத்து வீட்டுச் சண்டை, கைபேசியில் ஒருவர் கடன் கேட்டுக் கெஞ்சுவது எல்லாம் நம் ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேர்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம் 2021இல் ஒரு வீட்டுக் கேமரா வழக்கில், ஒலியைப் பிடிக்கும் தூரம் படத்தின் எல்லையைத் தாண்டிப் போவதையும், குற்றத் தடுப்புக்கு அவ்வளவு தேவையில்லை என்பதையும் சொல்லி, அயலாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்வதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அதனால் இங்கே பொறுப்பு வீட்டுக்காரர் மனத்தில்தான் நிற்கிறது.

உணர்திறனை ஏற்ற ஏற்ற அயலார் பேச்சுதான் கூடுதலாக வந்து சேரும். வாய்க்கருகே வைத்து ஒலியளவைக் குறைத்த மைக் கேட்டுக்கு வந்தவர் பேச்சைத் தெளிவாகவும் தெருப் பேச்சை மங்கலாகவும் பதியும். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது சன்ஷேடு கேமராவின் ஒலியைத் தாழ்த்தி, கேட் தூணில் மைக் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே 'இங்கே பேச்சு பதிவாகிறது' என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பலகையும் மாட்டுங்கள்.